தாஹோ ஏரி: ஒரு பகல் பயணம், இரண்டு நாளாக

செப்டம்பர் 26, வெள்ளி. லிவர்மோர், கலிபோர்னியா

நாளைக் காலை செஸ்னா 172 விமானத்தில் தாஹோ ஏரிக்குப் போய், இருட்டுவதற்குள் திரும்புவதாகத் திட்டம். இரண்டு பேர், ஒரு பை, ஒரு கட்டுச்சாத மூட்டை. லிவர்மோர் விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 400 அடி உயரத்தில் இருக்கிறது. ஏரியின் தென்கரையிலுள்ள சவுத் லேக் தாஹோ விமான நிலையமோ 6,268 அடியில். நடுவே 112 கடல்மைல். காரில் மூன்றரை மணி நேரம் ஆகும்; விமானத்தில் ஒன்றேகால் மணி.

முதல் வேலை எடைக் கணக்கு. இந்த 172எஸ் ரகத்தின் வெற்று எடை ஏறத்தாழ 1,690 பவுண்டு. ஆட்கள் 330, பை 40. எரிபொருள் எவ்வளவு என்பதில்தான் யோசனை. தொட்டியில் பயன்படுத்தக்கூடியது 53 கேலன். ஒரு கேலன் 6 பவுண்டு. மணிக்கு ஒன்பது கேலன் குடிக்கும் இயந்திரத்துக்கு, போய்வர மூன்று மணி நேரத்துக்கும் அதற்கு மேல் ஒரு மணி நேரக் கையிருப்புக்கும் 40 கேலன் தாராளம். தொட்டியை நிரப்பினால் 78 பவுண்டு வீணாக மலைமேல் ஏறும். மொத்தம் 2,300 பவுண்டு. உச்ச வரம்பான 2,550க்கு 250 குறைவு. மலை ஊருக்குப் போகும்போது இந்த 250தான் மூச்சு விட இடம்.

அடுத்தது காற்று. 9,000, 12,000 அடிகளுக்கான காற்று முன்னறிவிப்பை சேக்ரமெண்டோவுக்கும் ரீனோவுக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று மலைக்கு இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம். சிகரங்களின் உயரத்தில் காற்று 25 நாட் (மணிக்கு 25 கடல்மைல்) வேகத்தைத் தாண்டினால் சிறு விமானம் அந்தப் பக்கம் போகக் கூடாது என்பது மலைப் பறத்தலில் பழைய வழக்கு. நாளைக் காலை 12 நாட். மாலைக்கு 25 முதல் 30 வரை போகலாம் என்கிறது. இரண்டு மணிக்குள் கிளம்பிவிடலாம் என்று முடிவு.

பையில்: கம்பளி, தடித்த மேலாடை, நான்கு லிட்டர் தண்ணீர், விசில், முதலுதவிப் பெட்டி, செயற்கைக்கோள் வழியே இடம் சொல்லும் கருவி. பகல் பயணத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். 2007 செப்டம்பரில், உலகைத் தனியாளாகப் பலூனில் சுற்றிய ஸ்டீவ் ஃபாசெட், நெவாடாவிலிருந்து ஒரு சிறு விமானத்தில் ஒரு காலை உலாவுக்குத்தான் கிளம்பினார். பெரும் தேடுதல் நடந்தும் கிடைக்கவில்லை. விமானத்தின் சிதைவுகள் 2008 அக்டோபரில் இதே சியரா நெவாடா மலையில் கிடைத்தன. விமானம் ஏறும் திறனைவிட வேகமாகக் கீழே அழுத்திய காற்று என்று விசாரணை சொன்னது. அந்த அறிக்கையை மலைக்குப் பறக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறை படிக்க வேண்டும்.

செப்டம்பர் 27, சனி காலை. மலைமேல்

7:40க்குத் தரையைவிட்டுக் கிளம்பியது. ஆல்டமான்ட் கணவாயின் காற்றாலைகள், பிறகு டெல்டாவின் கால்வாய்கள், லோடை ஊரின் திராட்சைத் தோட்டங்கள். இந்த 40 நிமிடம் சமவெளி. எங்கே இயந்திரம் நின்றாலும் ஒரு வயல் கிடைக்கும். பறக்கும் உயரத்தைப் போகும் திசை பார்த்தே விதி சொல்கிறது; வடகிழக்காகப் போவதால் 9,500 அடி. மலையடிவார ஊரான பிளாசர்வில் வரை ஏறிக்கொண்டே வந்து, அங்கே 9,500ஐத் தொட்டு நேராக்குவது நல்லது. மலையடிவாரத்துக்கு வந்த பிறகு ஏறத் தொடங்கினால் நிலமும் கூடவே ஏறிவரும்.

பிளாசர்வில்லுக்குக் கிழக்கே நெடுஞ்சாலை 50ஐ விட்டு விலகாமல் பறக்க வேண்டும். நேர்கோட்டில் போனால் இரண்டு நிமிடம் மிச்சமாகும். கீழே காடும் கருங்கல்லும் தவிர ஒன்றுமில்லை. சாலையைப் பிடித்துக்கொண்டு போனால் இறங்க ஒரு தார்ப்பட்டையும், கண்டுபிடிக்க ஆட்களும் இருப்பார்கள். அமெரிக்கன் ஆற்றின் தென்கிளை சாலையோடு சேர்ந்தே வருகிறது. இருபுறமும் கரிந்த மரங்கள். 2021இல் கால்டோர் தீ எரித்த காடு. 2,20,000 ஏக்கருக்கும் மேல். தீ மலைமுகட்டைத் தாண்டி ஏரியின் பக்கம் இறங்கியதால் அப்போது ஊரையே காலி செய்தார்கள். மேலிருந்து பார்க்கையில், தீக்குச்சிகளை நட்டு வைத்தது போல நிற்கின்றன. நடுநடுவே பச்சைப் புதர் தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது.

எக்கோ சம்மிட் 7,382 அடி. இந்தக் கணவாயை நேருக்கு நேர் வெட்டிக் கடக்கக் கூடாது. 45 டிகிரி சாய்வாக அணுக வேண்டும். கீழ்நோக்கிய காற்று அழுத்தினால் அரைத் திருப்பத்துக்குப் பதில் கால் திருப்பத்திலேயே தாழ்ந்த நிலத்துப் பக்கம் தப்பிவிடலாம். காலை அமைதியாக இருந்ததால் ஓர் உலுக்கல்கூட இல்லை. முகட்டைத் தாண்டியதும் ஏரி மொத்தமாகத் திறந்தது. 22 மைல் நீளம், 12 மைல் அகலம். கரையோரம் பச்சை, நாலு எட்டு தள்ளிக் கருநீலம். ஆழமான இடத்தில் 1,645 அடி. ஏரியை வர்ணித்து எழுதுவதில் பிரியம் இருந்தாலும் இங்கே கைகள் வேலையாக இருக்கும்: விமான நிலையம் கணவாயிலிருந்து ஐந்தே கடல்மைல், ஆனால் பறக்கும் 9,500 அடியிலிருந்து 3,000 அடிக்கும் மேல் கீழே. இயந்திரத்தின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலை முழுதும் இழுத்துத் தலையைக் கவிழ்த்தால் வேகம் எகிறும், சூடான சிலிண்டர்கள் சட்டெனக் குளிரும். ஏரிமேல் போய் ஒரு பெரிய வட்டமடித்து, நிமிடத்துக்கு 500 அடியாக இறங்குவதே முறை. காட்சியும் அதில்தான் முழுதாகக் கிடைக்கிறது.

கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. எங்கே இருக்கிறோம், என்ன செய்யப் போகிறோம் என்பதை எல்லோருக்கும் பொதுவான அலைவரிசையில் நாமே சொல்ல வேண்டும். எதிரே வந்த இன்னொரு விமானி, தான் வேகமான இரட்டை எஞ்சின் என்றும், ஆனாலும் நீங்களே முதலில் இறங்குங்கள் என்றும் வழிவிட்டார்.

இறங்கும்போது கண் ஏமாற்றும். வேகமானி கடல்மட்டத்தில் காட்டுகிற அதே 61 நாட்டைத்தான் காட்டும். ஆனால் காற்று மெலிந்திருப்பதால் உண்மையில் தரை 68 நாட்டில் ஓடும். வேகமாக வருவது போலத் தோன்றி மூக்கைத் தூக்குபவர்கள் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்கலை இழந்து, விழுவார்கள். வெளியே பார்க்கும் கண்ணைவிட முள்ளை நம்ப வேண்டும். இன்னொன்று மிக்சர் கைப்பிடி, இயந்திரத்தில் காற்றோடு கலக்கும் எரிபொருளின் அளவை மாற்றுவது. சமவெளிப் பழக்கத்தில் இறங்கும் முன் அதை முழுதும் உள்ளே தள்ளுவது இங்கே தவறு. எரிபொருள் அதிகமாகி ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். மீண்டும் மேலேற வேண்டிவந்தால் இயந்திரம் திணறும்.

8:55க்குச் சக்கரம் தொட்டது. 8,500 அடி ஓடுபாதையில் பத்தில் ஒரு பங்கு போதுமானதாக இருந்தது.

சனி பகல். ஏரிக்கரை

முதல் விபத்து உணவுப் பையில். 9,500 அடியில் உருளைக்கிழங்கு சிப்ஸ் பொட்டலம் தலையணையாக உப்பிவிட்டது, அது பரவாயில்லை. தயிர்சாதம் வைத்த பிளாஸ்டிக் டப்பாவின் மூடி வழியில் திறந்து, புளியோதரைப் பொட்டலம், துண்டு, வரைபடம் எல்லாம் தயிர். தரையில் இறுக மூடியது எதுவும் மேலே போனால் உள்காற்று விரியும். வெயில்பசைக் குழாய்க்கும் இதே கதிதான். தயிர்சாதத்துக்கு எவர்சில்வர் தூக்கே சரி. மூடியின் பிடி விடாது. புளியோதரை எந்த உயரத்துக்கும் ஏற்றது.

விமான நிலையத்திலிருந்து கரைக்கு நான்கைந்து மைல். வாடகைக் காரில் 19 டாலர். ஓட்டுநர் பெண்மணி இந்த ஊரில் முப்பது வருடமாக இருக்கிறார். வந்தவுடன் அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள், தலைவலிக்கு முன்னால் குடித்தால்தான் பலன் என்றார். சொன்னதோடு நில்லாமல் ஆளுக்கொரு பாட்டில் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

கேம்ப் ரிச்சர்ட்சன் பக்கம் கரை மணலாக இருக்கிறது. தண்ணீருக்குள் இடுப்பளவு போனாலும் கால்விரல் தெரிகிறது. குளிர் எலும்பைத் தொடும். பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கச் சிறுவர்களால்தான் முடிந்தது. அருகே டெய்லர் ஓடை. 1944இல் இந்த ஏரிக்கு வந்துசேர்ந்த கோகனி சால்மன் மீன்கள் இலையுதிர் காலத்தில் முட்டையிட இதில் ஏறும். உடம்பு அப்போது செங்கல் நிறமாகிவிடும். இன்று ஏழெட்டு மீன்கள்தான். அக்டோபர் நடுவில் வந்தால் ஓடையே சிவந்திருக்கும் என்றார் அங்கிருந்த காவலர். ஏரிக்குள் 63 ஓடைகள் விழுகின்றன. வெளியே போவது ட்ரக்கி ஆறு ஒன்றே. அதுவும் கடலுக்குப் போகாமல் நெவாடா பாலைவனத்தில் பிரமிட் ஏரியில் முடிந்துவிடுகிறது.

காப்பி ஐந்தரை டாலர், சுமார்தான். இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. டிக்காஷன் இறங்கும் வேகமும் பருப்பு வேகும் நேரமும் மாறும். இங்கே வீடு எடுத்துத் தங்குபவர்கள் குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகவைக்கப் பார்க்க வேண்டாம்.

சனி மாலை. விமான நிலையம்

1:30க்கே திரும்பிவந்தாயிற்று. ஆனால் அதற்குள் எல்லாம் மாறியிருந்தது. வெயில் 24 டிகிரி. தென்மேற்கிலிருந்து காற்று 14 நாட், திடீர் வீச்சில் 24. ஓடுபாதையோரம் காற்றின் திசை காட்டும் துணிப் பை விறைத்து நின்றது.

இங்கேதான் கணக்கைப் பொறுமையாகப் போட வேண்டும். 6,268 அடியில் வழக்கமான வெப்பநிலை இரண்டரை டிகிரி. இன்று அதைவிட இருபத்தொன்றரை டிகிரி கூடுதல். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி சேர்த்தால், 2,580. விமானத்தைப் பொறுத்தவரை இந்த ஓடுபாதை 8,850 அடி உயரத்தில் இருக்கிறது. இதைத்தான் டென்சிட்டி ஆல்டிட்யூட் என்பார்கள். டர்போ இல்லாத இயந்திரம் ஆயிரம் அடிக்கு மூன்று சதவிகிதம் போல வலுவை இழக்கும். 180 குதிரைத்திறன் 130 சொச்சமாகிறது. மெலிந்த காற்றில் புரொப்பெல்லரின் பிடியும் இறக்கையின் தூக்கலும் குறைகின்றன. கடல்மட்டத்தில் முழு எடையோடு ஆயிரம் அடி ஓடி எழும் 172, இங்கே அதைப் போல இரண்டு மடங்கு ஓடும். நீளமான ஓடுபாதை என்பதால் எழுவது சிரமமில்லை. எழுந்த பிறகுதான் சிரமம்: கடல்மட்டத்தில் நிமிடத்துக்கு 700 அடி ஏறும் விமானம் இந்தக் காற்றில் 300 சொச்சம்தான் ஏறும்.

தென்மேற்குக் காற்றுக்கு எதிராக எழ வேண்டுமென்றால் தெற்கு நோக்கி ஓட வேண்டும். அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு குறுகி, நிலம் மேலே ஏறுகிறது. கூடவே அந்தக் காற்று எக்கோ சம்மிட்டைத் தாண்டி இந்தப் பக்கம்தான் சரிந்து விழுகிறது. ஆற்றுநீர் பாறையைத் தாண்டிக் கீழே சுழிப்பது போல. நிமிடத்துக்கு ஆயிரம் அடி கீழே அழுத்தும் காற்றில் 300 அடி ஏறும் விமானத்துக்கு வழியில்லை. ஏரிப் பக்கம் வடக்கே எழலாமென்றால் காற்று முதுகில். சியராவின் கிழக்குச் சரிவில் பிற்பகலில் மேற்கிலிருந்து இறங்கும் இந்தக் காற்றுக்கு வாஷோ ஸெஃபிர் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கோடையில் தினம் வரும் விருந்தாளி. முன்னறிவிப்பைவிட இரண்டு மணி நேரம் முன்னால் வந்துவிட்டது.

காலையில் இறங்க 700 அடி ஓடுபாதை போதும், பிற்பகலில் கிளம்ப மூன்று மடங்கு வேண்டும். மலை ஊர்களில் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தை மறந்தவர்கள்.

பக்கத்தில் வால்சக்கர விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்த பெரியவர், எழுபதுக்கு மேல் இருக்கும், எங்கள் காகிதக் கணக்கை எட்டிப் பார்த்தார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. தான் காலைவரை இருக்கப்போவதாக மட்டும் சொல்லிவிட்டு, மிச்சமிருந்த இரண்டு கயிறுகளைக் கொடுத்தார். ஆறரை மணிவரை காத்துப் பார்த்தும் வீச்சு 20க்குக் கீழே வரவில்லை. 6:50க்குச் சூரியன் மறையும். ஒற்றை எஞ்சினில் இருட்டில் இந்த மலையைக் கடப்பது பேச்சுக்கே இடமில்லை. இறக்கைகள் இரண்டையும் வாலையும் கட்டி, ஸ்டியரிங்கைப் பூட்டி, ஊருக்குத் திரும்பியாயிற்று.

சனிக்கிழமை இரவு கடைசி நேரத்தில் சாதாரண மோட்டல் அறை 219 டாலர். வரவேற்பறையில் இருந்த இளைஞர் முதலில் கேட்டது அடையாள அட்டை அல்ல. காரிலோ விமானத்திலோ சாப்பாடு விட்டு வந்தீர்களா என்று. கருங்கரடிகள் கார்க் கதவைத் திறக்கப் பழகியிருக்கின்றன. நல்லவேளை, தயிர் பட்ட துண்டுவரை கையோடு வந்திருந்தது. குப்பைத்தொட்டிகள் எல்லாம் இரும்பு. உள்ளங்கையை உள்ளே விட்டுத் தாழை அழுத்தினால்தான் திறக்கும். இரவுச் சாப்பாடு பீன்ஸ் பரிட்டோ, 14 டாலர். பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று கேட்டதற்குச் சமையல்காரரே வெளியே வந்து, இல்லை என்று சொல்லி, எண்ணெய் டப்பாவைக் காட்டினார்.

செப்டம்பர் 28, ஞாயிறு. திரும்புதல்

காலை 7 மணி, ஒரு டிகிரி. விமானத்தின் மேல் முழுக்க வெள்ளை. நேற்றுச் சூடு தடுத்தது, இன்று உறைபனி. மேகமில்லாத இரவில் இறக்கையின் தகடு வானத்தை நோக்கித் தன் சூட்டை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். அதனால் காற்று பூஜ்யத்தைத் தொடாவிட்டாலும் இறக்கைமேல் பனி பூக்கும். பார்க்க மெல்லிய உப்புத்தாள் மாதிரிதான். உப்புத்தாள் அளவு சொரசொரப்பே தூக்கலில் 30 சதவிகிதம்வரை குறைக்கவும், இழுவையை 40 சதவிகிதம்வரை கூட்டவும் போதும். அதோடு எழக் கூடாது. வழவழப்பாகத் தேய்த்துவிட்டாலும் போதாது, முழுதும் போக வேண்டும்.

வெந்நீர் ஊற்றக் கூடாது. அது இடுக்குகளில் ஓடி, இறக்கையின் பின்விளிம்பில் அசையும் ஐலரான் தகடுகளின் கீல்களில் மறுபடி உறைந்து பூட்டிவிடும். பிளாஸ்டிக் கண்ணாடியில் விரிசலும் விழும். முன் கண்ணாடியை அட்டையால் சுரண்டவும் கூடாது. செய்ய வேண்டியது விமானத்தை வெயிலுக்குத் திருப்பிவைத்துக் காத்திருப்பது. வெயில் மலைக்கு மேல் வந்து தரையைத் தொட ஏழரை ஆயிற்று. இறக்கை தலைக்கு மேல் இருப்பதால் ஏணி வேண்டும். பெரியவர் ஏணியோடும் பழைய குளியல் துண்டுகள் நான்கோடும் வந்தார். முன்விளிம்பு முதலில், பிறகு மேற்பரப்பு, கடைசியில் வாலின் படுக்கைத் தகடு. அந்த வால் தகட்டைத்தான் பலரும் மறப்பார்கள். கீல்களில் தண்ணீர் தங்கவில்லை என்று ஐலரானையும், வாலில் அசையும் எலிவேட்டரையும் முழு அளவுக்கு ஆட்டிப் பார்க்க வேண்டும். முக்கால் மணி நேரம். துண்டுகளைத் துவைத்து அனுப்புகிறோம் என்றதற்கு, அடுத்தவருக்குக் கொடுத்துவிடுங்கள் போதும் என்றார்.

எஞ்சின் இரண்டாம் முயற்சியில் பிடித்தது. எண்ணெய் சூடாகும்வரை ஆயிரம் ஆர்பிஎம்மில் ஓடவிட்டு, பிறகு திராட்டிலை முழுதும் திறந்து, மிக்சரை மெல்ல வெளியே இழுத்து, சுழற்சி உச்சம் தொட்டு விழத் தொடங்கும் இடத்தைப் பார்த்து, அங்கிருந்து ஒரு மயிரிழை உள்ளே. மூவாயிரம் அடிக்கு மேலுள்ள எந்த ஓடுபாதையிலும் இது கட்டாயம். இப்போது வெயில் மூன்று டிகிரி. டென்சிட்டி ஆல்டிட்யூட் 6,300 அடி; நேற்று மாலையைவிட 2,500 அடி கீழே. அதே விமானம், அதே எடை.

8:50, வடக்கு நோக்கி, காற்றே இல்லை. 55 நாட்டில் மூக்கு எழுந்தது. நேராக ஏரிமேல். மேற்கே திரும்புவதால் 10,500 அடி. 8,500 சட்டப்படி சரி, ஆனால் கணவாய்க்கு மேல் ஆயிரத்து நூறு அடிதான் மிஞ்சும். உயரத்தை மலைப் பக்கம் போய்ச் சம்பாதிக்காமல் தண்ணீர்மேலேயே இரண்டு பெரிய வட்டங்களில் ஏறியதில் பன்னிரண்டு நிமிடம் போயிற்று. எமரால்டு பே குடாவுக்கு நேர்மேலே ஒரு வட்டம். நடுவிலுள்ள ஃபானெட் தீவு, இந்தப் பெரிய ஏரிக்கு இருக்கும் ஒரே தீவு, ஒரு பாறைமேட்டில் பத்திருபது மரங்கள்.

10:15க்கு லிவர்மோர். விமான வாடகை மணிக்கு 190 டாலர், பறந்தது 2.7 மணி, ஆகவே 513. ஆனால் இரவு தங்கினால் நாளொன்றுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் என்று விதி. இன்னும் 247 சேர்ந்தது. எட்டு மணிக்கே இந்த விமானத்தைப் பதிவு செய்திருந்தவர் மகளோடு உட்கார்ந்திருந்தார். நேற்று மாலையே செய்தி சொல்லியிருந்ததால் கோபமில்லை. எந்த உயரத்தில் உலுக்கியது என்று மட்டும் கேட்டார். துண்டுகள் நான்கும் அவர் பைக்குப் போயின. மலையில் தண்ணீர் குடித்துவிட்டு மூடிய பாட்டில் பின் இருக்கையில் நசுங்கிக் கிடந்தது. மூடியைத் திருகியதும் சத்தத்தோடு நிமிர்ந்ததைப் பார்த்து அந்தச் சிறுமி இன்னொரு முறை செய்யச் சொன்னாள்.